சவ்வு விடுவதும் விடாததும்

என் வயிற்றில், தொப்புளுக்குக் கொஞ்சம் கீழே இடது பக்கமாக, ஒரு மெல்லிய குழாய் வெளியே வந்திருக்கிறது. சேலைக்குள் அது தெரியாது. தெரிந்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. நான் அதை மறைத்துக்கொண்டு வீட்டோடு இருப்பேன் என்று ஊரில் பலர் எதிர்பார்த்தார்கள். நான் அப்படி இருக்கவில்லை என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

போர் முடிந்து சில வருடங்கள் கழிந்த காலம். மன்னார்த் தீவிலே ஒரு பள்ளிக்கூடத்தில் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவர்களுக்கு நான் உயிரியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். நாற்பதைத் தாண்டியிருந்தேன். கணவர் கடற்கரையில் வள்ளங்களின் இயந்திரம் திருத்துபவர். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த வருடம் என் கால்கள் வீங்கின. நாள் முழுக்க நின்று படிப்பிப்பதால் என்று நினைத்தேன். பிறகு முகமும் வீங்கியது. சாப்பாடு வாயில் உலோகம்போல ருசித்தது. ஒருநாள் தேவாலயத்தில் பூசையின்போது முழந்தாளிட்டவள் எழும்ப முடியாமல் அப்படியே வாங்குப் பலகையில் சாய்ந்துவிட்டேன். அடுத்த கிழமை, தீவிலிருந்து பல மணி நேரம் பஸ்ஸில் போகவேண்டிய ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், என் சிறுநீரகங்கள் இரண்டும் ஏறக்குறைய நின்றுவிட்டன என்று சொன்னார்கள். வருடக்கணக்காக இருந்த பிரஷர் சத்தமில்லாமல் செய்த வேலை அது.

கணவரின் இரத்த வகை பொருந்தவில்லை. அண்ணாவுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. ஆகவே மாற்றுச் சிறுநீரகம் என்ற பேச்சு தொடங்கிய இடத்திலேயே முடிந்துபோனது. மிச்சம் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, இரத்தத்தை வெளியே எடுத்து மெஷினில் கழுவி ஏற்றுவது. அதற்குக் கிழமையில் பாதி நாட்கள் மெஷினுக்குப் பக்கத்திலேயே கிடக்கவேண்டும். மற்றது, வயிற்றையே மெஷினாக்குவது.

கொழும்பிலிருந்து அண்ணா அன்றே வந்துவிட்டார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அப்பா இறந்த பிறகு எங்களுக்காக எல்லாவற்றையும் தீர்மானித்துப் பழகியவர். மேல்மாடி அறையை ஒதுக்கிவிட்டதாகவும், அண்ணி கட்டிலும் போட்டுவிட்டாவென்றும், வீட்டுக்குக் கிட்டவே மெஷின் உள்ள ஆஸ்பத்திரி இருக்கிறதென்றும் சொன்னார். மாப்பிள்ளையும் அங்கே வந்து ஏதாவது வாகனம் திருத்தும் கராச்சில் வேலை செய்யலாம் என்றார். எல்லாம் அன்பினால்தான். ஆனால் அவர் பேசப்பேச அந்த மேல்மாடி அறையும், யன்னலால் தெரியும் பக்கத்து வீட்டுக் கூரையும், அண்ணி கொண்டுவந்து வைக்கும் கஞ்சியும் என் கண்முன்னால் வந்தன. அந்த அறைக்குள் போனால் நான் அதன் பிறகு ஒரு நோயாளி மட்டும்தான்.

வயிற்று முறையைப் பற்றி விளக்க ஒரு இளம் டொக்டர் வந்தார். சிங்களவர். கடதாசியில் பேனையால் தேயிலைப் பை ஒன்றின் படத்தைக் கீறினார். பைக்குள் இருக்கும் தூள் வெளியே வராது, சாயம் மட்டும் வரும், அதுபோல என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். நான் பேனையை வாங்கி, அவருடைய தேயிலைப் பைக்குப் பக்கத்தில் ஒரு மென்சவ்வைக் கீறினேன். ஒரு பக்கம் இரத்தம், மறுபக்கம் சீனிக் கரைசல். யூரியா செறிவு கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குப் பரவிப் போகும். சீனி நீரைத் தன் பக்கம் இழுக்கும். கலங்கள் என்று நாங்கள் சொல்லும் இரத்த அணுக்கள் பெரியவை, அவை போகா. டொக்டர் என்னை நிமிர்ந்து பார்த்து, என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார்.

பரவலும், சவ்வினூடாக நீர் நகரும் பிரசாரணமும் நான் ஆண்டுதோறும் படிப்பித்த பாடம். வயிற்றின் உட்புறத்தைப் போர்த்தி, குடலையும் சுற்றிக்கொண்டு கிடக்கும் சுற்றுவிரி என்ற சவ்வைப் பற்றியும் படிப்பித்திருக்கிறேன். கரும்பலகையில் ஒரு கோடாகக் கீறிவிட்டுப் போயிருக்கிறேன். அது ஒருநாள் என்னைக் காப்பாற்றும் என்று நினைத்ததில்லை. அந்த அறையில் எனக்குப் பயம் இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் பயத்துக்குள்ளே ஒரு ரோசம் எழும்பியது. எனக்குத் தெரிந்த ஒன்று என் உடம்புக்குள் நடக்கப்போகிறது. அதை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு ஏன் கட்டிலில் கிடக்கவேண்டும்?

அண்ணாவிடம் சொன்னேன்.

"அண்ணா, நான் வரேல்லை. குழாய் போட்டுக்கொண்டு மன்னாருக்குப் போறன்."

"விசர்க்கதை கதையாதை பிள்ளை. அங்க என்ன இருக்கு?"

"என்ர வகுப்பு இருக்கு."

அவர் கணவரைப் பார்த்தார். கணவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இயந்திர எண்ணெய் நகக்கண்ணில் ஊறிப்போன விரல்கள். "அவ சொன்னால் அதுதான்" என்று மட்டும் சொன்னார்.

குழாய் போட்டார்கள். புண் ஆறியதும் ஒரு சிங்கள நேர்ஸ் எனக்குப் பழக்கினா. எனக்குச் சிங்களம் கொஞ்சம், அவவுக்குத் தமிழ் அதைவிடக் கொஞ்சம். யன்னலைச் சாத்து, மேலே சுற்றும் பங்காவை நிறுத்து, வாயையும் மூக்கையும் மூடிக் கட்டு, கையைக் கழுவு. கொளுவியில் தொங்கும் புதுப் பையைக் குழாயோடு இணை. வயிற்றில் கிடந்த பழைய கரைசல் கீழே வைத்த வெறும் பைக்குள் வடியும். பிறகு புதியது மேலேயிருந்து இறங்கும். கழற்றி மூடியைப் போட்டுவிட்டு எழும்பிப் போகலாம். இப்படி நாளுக்கு நாலு முறை. முதல் தடவை கை தவறி இணைப்பு வாயில் விரல் பட்டுவிட்டது. நேர்ஸ் அந்தப் பையை எறிந்துவிட்டு இன்னொன்றை எடுத்துத் தந்தா. அடுத்த நாளும் எறிந்தா. அதற்குப் பிறகு என் விரல் எதிலும் படவில்லை.

சாப்பாட்டைப் பற்றியும் அவதான் சொன்னா. நோய் கேள்விப்பட்ட நாளிலிருந்து உறவுக்காரர் எல்லோரும் எனக்கு மீனையும் முட்டையையும் விலக்கி வைத்திருந்தார்கள். நேர்ஸ் தலையில் அடித்துக்கொண்டா. சவ்வு கெட்டிக்காரத்தனமானதுதான், ஆனால் முழுக்க அல்ல. கழிவோடு சேர்ந்து புரதமும் கொஞ்சம் நழுவிப் போய்விடும். போனதை நிரப்பாவிட்டால் உடம்பு கரைந்துவிடும். மீன் கட்டாயம் வேண்டும். உப்பு வேண்டாம், தண்ணீர் அளவோடு. அப்படியென்றால் கருவாடு இல்லை. மன்னாரில் பிறந்தவளுக்குக் கருவாடு இல்லை என்பது சின்னத் தண்டனையல்ல. ஆனால் ஒரா மீன் உண்டு, பாரை உண்டு. அன்று கன்ரீனில் உப்பில்லாத மீன் துண்டு ஒன்றை எலும்பு மட்டும் மிஞ்சத் தின்றேன். அண்ணா எதிரே இருந்து வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊருக்குத் திரும்பிய நாளில் கரைசல் பைகள் அடங்கிய பெட்டிகளையும் கொண்டுபோக வேண்டியிருந்தது. தண்ணீர்ப் பாரம். பஸ் கொண்டக்டர் பெட்டிகளைக் கண்டதும் ஏற்ற மாட்டேன் என்றார். இது லொறி அல்ல என்றார். அண்ணா உடனே, வாடகை வான் பிடிப்போம், இவரோடு என்ன கதை என்று என்னைக் கையில் பிடித்து இழுத்தார். நான் பஸ்ஸின் மிதிபலகையில் ஏறி நின்றுகொண்டேன். இன்றைக்கு வான் பிடித்தால் ஒவ்வொரு முறையும் வான் பிடிக்கவேண்டும். அப்படி வாழ முடியாது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

"இது என்ர மருந்து. இது ஏறாமல் நான் இறங்க மாட்டன். நான் இறங்காமல் நீங்கள் கதவைச் சாத்தேலாது" என்றேன்.

கொண்டக்டர் சாரதியைப் பார்த்தார். சாரதி கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பின்சீற்றில் இருந்த பெண் ஒருத்தி, தன் பையை மடியில் எடுத்துக்கொண்டு, "இஞ்ச ஒண்டை வையுங்கோ" என்றா. அதற்குப் பிறகு பெட்டிகள் கைமாறிக் கைமாறி உள்ளே போயின. தீவுக்குள் போகும் பாலத்தைத் தாண்டும்போது கொண்டக்டரின் காலடியிலும் ஒன்று இருந்தது. நான் இறங்கும்போது பெட்டிகளை அவரே இறக்கித் தந்தார்.

முன்னமே வீட்டுக்குப் போயிருந்த கணவர் சின்ன அறையைக் காலிசெய்து, சுவருக்கு எண்ணெய் வர்ணம் அடித்து, சுவரில் ஒரு கொளுவி இறுக்கி வைத்திருந்தார். வள்ளத்தின் இயந்திரத்தையே தூக்கலாம், அவ்வளவு பலமான கொளுவி. ஆனால் அவரை அந்த அறைக்குள் வர நான் விடவில்லை. எவ்வளவு கழுவினாலும் அவர் கையில் எண்ணெய் இருக்கும். வாசலுக்கு வெளியே கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பார். உள்ளேயிருந்து நான் பேசுவேன், வெளியிலிருந்து அவர் ஓம், ஓம் என்பார். அது அவருக்கு எவ்வளவு நொந்தது என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

உடம்பு கொஞ்சம் தேறியதும் பள்ளிக்கூடம் போனேன். காலையில் ஒரு முறை பை மாற்றுவது வீட்டில், பின்னேரமும் படுக்கப்போகுமுன்னும் வீட்டில். மதியத்தில் வரும் ஒன்றைத்தான் பள்ளிக்கூடத்தில் செய்யவேண்டும். உயர்தர வகுப்புகள் பின்னேரம் வரை இழுபடும். பள்ளிக்கூடத்தை நடத்தும் அதிபர் நல்ல மனிதர், ஆனால் வில்லங்கம் எதுவும் வேண்டாம் என்று நினைப்பவர். மருத்துவ ஓய்வு எடுக்கலாமே என்றார். எடுக்கலாம், ஆனால் எடுக்கவில்லை என்றேன். ஆய்வுகூடத்தின் களஞ்சிய அறையைத் தந்தால் போதும் என்று கேட்டேன். அவர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நான் ஓம் என்றே எடுத்துக்கொண்டேன்.

எனக்குத் துணை நின்றவ உப்புக்குளத்திலிருந்து வரும் கணித ஆசிரியை. முஸ்லிம். சிறுவயதிலே, வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டிய காலத்தில், குடும்பத்தோடு ஊரைவிட்டு வெளியேறவேண்டி வந்து, வேறெங்கோ அகதியாகப் படித்து, போர் முடிந்ததும் பிடிவாதமாகத் திரும்பி வந்தவ. போ என்று சொன்னால் போகாமல் இருப்பது எப்படி என்று அவவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. இரண்டு பேரும் சேர்ந்து அந்த அறையைக் கழுவினோம். சுவர்த் தட்டில் பதப்படுத்தும் போமலின் நிறைந்த போத்தல்களுக்குள் ஒரு தவளையும் கடற்குதிரையும் நண்டுக் குஞ்சுகளும் இருந்தன. அவற்றை மட்டும் அப்படியே விட்டோம். ஒவ்வொரு மதியமும் அவற்றுக்கு முன்னால் முகத்தை மூடிக்கொண்டு நான் இருப்பேன். வாசலில் கணித ரீச்சர் கொப்பி திருத்திக்கொண்டு காவல் இருப்பா. யாராவது கதவைத் தட்ட வந்தால் தலையை நிமிர்த்தாமலே, உள்ளே பரிசோதனை நடக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடுவா.

தென்மேற்கிலிருந்து வீசும் சோளகம் தொடங்கியது. தீவில் சோளகக் காற்று என்றால் மணலும் சேர்ந்துதான். கண்ணில், சோற்றில், புத்தகத்தில், எங்கும் மணல். ஒருநாள் கரைசல் இறங்கிக்கொண்டிருக்கையில் களஞ்சிய அறை யன்னலின் பழைய கொண்டி கழன்று, யன்னல் அடித்துக் கண்ணாடி நொறுங்கியது. காற்று புழுதியை வாரிக்கொண்டு உள்ளே வந்தது. குழாயை மடியில் பொத்திக்கொண்டு குனிந்தேன். மூடியைப் போட்டு முடித்தேன். கிருமி உள்ளே போயிருக்கும் என்று அப்போதே மனதுக்குள் ஓடியது.

நல்ல நாட்களில் வயிற்றிலிருந்து வடியும் கரைசல் தெளிந்த தேநீர்போல இருக்கும். பைக்குக் கீழே பத்திரிகையை வைத்து எழுத்து வாசிக்கலாம். யன்னல் உடைந்து இரண்டு நாள் கழித்துக் காலையில் எழுத்துத் தெரியவில்லை. சோறு வடித்த கஞ்சிபோலக் கலங்கியிருந்தது. மதியத்துக்கிடையில் காய்ச்சலும், வயிற்றில் தொடமுடியாத நோவும். மன்னார் ஆஸ்பத்திரிக்கு ஓடி, அங்கிருந்து அம்புலன்ஸில் பழையபடி அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

கிருமி நுழைந்த சவ்வு சிவந்து வீங்கி வாசல்களையெல்லாம் அகலத் திறந்துபோட்டுவிடும். சீனி நின்று நீரை இழுக்கவேண்டும். அதுவோ ஓடிப்போய் இரத்தத்துக்குள் சேர்ந்துவிடும். பிறகு நீரை இழுக்க ஆளில்லை. உள்ளே விட்டது வெளியே வராமல் நான் மறுபடி வீங்கினேன். கிருமிகொல்லி மருந்தைப் பைக்குள்ளேயே கலந்து வயிற்றுக்குள் விட்டார்கள். நேர்ஸ் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. பிழை கையில் இல்லை, காற்றில் என்று நான் சொன்னதை நம்பினா என்றே நினைக்கிறேன்.

அண்ணா வந்தார். இந்த முறை கோபமாக வரவில்லை. கட்டில் விளிம்பில் இருந்து மெதுவாகத்தான் பேசினார்.

"இனியாவது கேள் பிள்ளை. மணலுக்குள்ள இருந்துகொண்டு இதெல்லாம் சரிவராது."

"மணல் நான் பிறக்கேக்கையும் இருந்தது."

"நீ செத்துப்போனால்?"

"கொழும்பில இருந்தாலும் ஒருநாள் சாகத்தானே வேணும் அண்ணா. அதுவரைக்கும் நான் என்ன செய்யிறது, அதைச் சொல்லுங்கோ."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு அழுகை வந்தது, ஆனால் அழவில்லை. அழுதால் அவர் வென்றுவிடுவார் என்று இருந்தது.

இதற்குள் ஊரில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று, கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு, யாரிடமும் கேட்காமல், கண்ணாடியும் ஆணியும் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனார். காவலாளி அவருக்குப் பழக்கம். களஞ்சிய அறை யன்னலுக்குப் புதுக் கண்ணாடி போட்டு, சட்டத்தைச் சுற்றி வள்ளத்துக்கு ஓட்டை அடைக்கும் பசையைப் பூசி, புதுக் கொண்டியும் இறுக்கிவிட்டு வந்தார். திங்கட்கிழமை அதிபர் கேட்டபோது, நான்தான் செய்தேன், பிழையென்றால் கழற்றித் தருகிறேன் என்றாராம். அவ்வளவு நீளமாக அவர் ஒரு அதிபரோடு பேசியது அதுதான் முதல் தடவை.

மற்றது, பெற்றோர் சிலர் அதிபரிடம் போயிருக்கிறார்கள். ரீச்சருக்கு வயிற்றில் குழாயாம், பள்ளிக்கூடத்துக்குள்ளேயே ஏதோ தண்ணீர் எடுக்கிறாவாம், பிள்ளைகளுக்குத் தொற்றினால் என்ன செய்வது என்று. அதிபர் பெற்றோர் கூட்டம் வைத்தார். அந்த வருடம் உயிரியல் வகுப்பை நிறுத்தி, விரும்பிய பிள்ளைகளை வேறு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாம் என்பது அவருடைய யோசனை. வகுப்பில் பாதிப்பேர் பெண்பிள்ளைகள். முசலிப் பக்கம் கொண்டச்சியிலிருந்து வந்து உறவினர் வீட்டில் தங்கிப் படிக்கிறவர்களும் இருந்தார்கள். அவர்களை இன்னும் தூரத்துக்கு யார் அனுப்புவார்கள்? கணித ரீச்சர் தொலைபேசியில் எனக்குச் சொன்னது ஒரே வசனம்: "கூட்டம் வெள்ளிக்கிழமை, எழும்பி வாங்கோ."

டொக்டர் போக விட்டார். முழு மனதோடு அல்ல. வெள்ளிக்கிழமை நான் மண்டபத்தின் கடைசி வரிசையில் போய் இருந்தேன். அதிபர் என்னைக் காணவில்லை. ரீச்சரின் சுகத்துக்காகத்தான் இந்த முடிவு என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் எழும்பினேன். கால் இன்னும் பலமாக இல்லை, முன் கதிரையைப் பிடித்துக்கொண்டேன்.

"சேர், என்ர சுகத்தை நான் பாக்கிறன். இவையள் கேக்க வந்ததைக் கேக்கட்டும்."

ஒரு தகப்பன், கடலுக்குப் போகிறவர், கேட்டார். "கோவிக்காதேங்கோ ரீச்சர். அது தொத்துமோ?"

"இல்லை. என்னட்டயிருந்து உங்களுக்குத் தொத்தாது. உங்களிட்டயிருந்துதான் எனக்குத் தொத்தும். தடிமன், இருமலோட வாற பிள்ளையைக் கொஞ்சம் தள்ளி இருத்துங்கோ, அது போதும்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அதிலே எனக்கு ஒரு தைரியம் வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். வயிற்றுக்குள் ஒரு சவ்வு இருப்பதை, அது எதை விடும் எதை விடாது என்பதை, சீனி எப்படித் தண்ணீரை இழுக்கும் என்பதை. நீங்கள் மீனுக்கு உப்புப் போட்டால் மீன் தண்ணீர் விடுகிறதே, அதே காரியந்தான், இங்கே உப்புக்குப் பதில் சீனி என்றேன். முன்னுக்கு இருந்த தாய்மார் தலையாட்டினார்கள். அதிபர் மேசையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். கடைசியாகச் சொன்னேன்:

"என்ர வயித்துக்குள்ள நடக்கிறது உங்கட பிள்ளையளின்ர பாடத்திட்டத்தில இருக்கு. சோதனையில வரும். அதைப் படிப்பிக்க என்னைவிட ஆள் இருந்தால் கொண்டுவாங்கோ, நான் வீட்டில இருக்கிறன்."

திமிர்ப்பேச்சுத்தான். அந்த நேரம் எனக்கு அதுதான் வந்தது. இன்றும் அதற்காக வருத்தப்படவில்லை.

கேள்வி கேட்ட அந்தத் தகப்பன்தான் முதலில் எழும்பினார். தன் மகள் இந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படிப்பாள் என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். வேறு சிலரும் முணுமுணுத்துக்கொண்டு எழும்பினார்கள். எல்லோரும் என் பக்கமல்ல. ஒரு தாய் என்னைக் கடந்து போகையில் சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டே போனா. அதிபர், மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகக் கூட்டத்தை முடித்தார். மேலிடத்துப் பதில் வரும்வரை நான் காத்திருக்கவில்லை. திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் வழமையான இடத்தில் நின்றேன். பதில் ஏதும் வந்ததாகப் பிறகு யாரும் சொல்லவுமில்லை.

அந்தப் பள்ளித் தவணையில் பிரசாரணச் செயன்முறையை மறுபடி செய்வித்தேன். றியோச் செடி இலையின் ஊதாத் தோலை மெல்லியதாக உரித்து, உப்புக் கரைசல் ஒரு துளி விட்டு, நுணுக்குக்காட்டியில் பார்ப்பது. நீர் வெளியேறக் கலத்தின் உள்ளீடு சுவரைவிட்டு விலகிச் சுருங்கும். நல்ல தண்ணீர் விட்டால் பழையபடி விரியும். பிள்ளைகள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு பார்த்தார்கள். கொண்டச்சிப் பிள்ளை ஒருத்தி தன்னுடையதில் மட்டும் ஒன்றும் சுருங்கவில்லை, நிறம் எல்லா இடமும் பரவிக் கிடக்கிறது என்றாள். அவளுடைய தோல் விளக்குக்குக் கிட்ட இருந்து வெந்துபோயிருந்தது.

"கலம் செத்துப்போச்சு. செத்த கலத்தின்ர மென்சவ்வு எல்லாத்தையும் விடும். உயிரோட இருக்கிறதுதான் இது வரலாம், இது வரக்கூடாது எண்டு பாக்கும்" என்றேன்.

அவள் அதை அப்படியே கொப்பியில் எழுதினாள். சில பொருட்களைக் கலம் செறிவு குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்கு, சரிவுக்கு எதிராக, சக்தி செலவழித்து ஏற்றும் என்பதையும் அன்றே படிப்பித்தேன். ஏன் அவ்வளவு பாடுபடுகிறது ரீச்சர் என்று ஒருத்தன் கேட்டான். இரண்டு பக்கமும் சமமாகிவிட்டால் அது கலமில்லை, வெறும் தண்ணீர் என்றேன். மணி அடித்தது. நான் கையைக் கழுவிக்கொண்டு களஞ்சிய அறைக்குப் போனேன்.

அந்த வகுப்பில் சிலர் பரீட்சையில் சித்தியடைந்தார்கள், சிலர் அடையவில்லை. எல்லாப் பள்ளிக்கூடங்களிலும் போலத்தான். நான் அதற்குப் பிறகும் அங்கேயே படிப்பித்தேன். கிருமி பிறகும் ஒருமுறை வந்தது, போனது. கணவரைச் சின்ன அறைக்குள் வர விட்டேன். கையைப் பிடித்து, நேர்ஸ் எனக்குப் பழக்கியதுபோலவே, விரல் விரலாகக் கழுவப் பழக்கினேன். எண்ணெய்க் கறை போகவில்லை. ஆனால் கறை கிருமியல்ல என்று டொக்டர் சொன்னார். இப்போது பையை அவர்தான் தூக்கிக் கொளுவுவார். சுற்றுவிரி வருடங்கள் போகப்போகத் தடித்துக் களைத்துவிடும், அதன் பிறகு மெஷின்தான் என்றும் டொக்டர் எச்சரித்திருக்கிறார். களைக்கட்டும், அப்போது பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறேன்.

போன மார்கழி நத்தார்ப் பண்டிகைக்கு அண்ணாவும் அண்ணியும் வந்தார்கள். இத்தனை வருடத்தில் நான் பை மாற்றுவதை அண்ணா ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அந்த நேரம் வந்தால் எழும்பி முற்றத்துக்குப் போய்விடுவார். அன்று போகவில்லை. நான் முகத்தை மூடிக் கட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் நின்றார்.

"உள்ள வரலாமோ?"

"கையைக் கழுவிப்போட்டு வாங்கோ. கதவைச் சாத்துங்கோ."

கழுவிக்கொண்டு வந்தார். கணவர் அவருக்கும் ஒரு முகமூடி கொடுத்தார். மூன்று பேரும் அந்தச் சின்ன அறைக்குள் மூடிய முகங்களோடு இருந்தோம். பை வடிவதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, விட்டதைவிட வந்தது கூடவாக இருக்கிறதே, அது எப்படி என்று கேட்டார். சீனி இழுத்துக்கொண்டு வந்த தண்ணீர் அது என்று சொன்னேன். முழுக்க விளக்கினேன். டொக்டருக்குக் கீறிக் காட்டிய அதே படத்தை, வெறும் விரலால் காற்றில் கீறினேன். அவர் பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதை ஏன் எனக்கு முதலே சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லை அண்ணா."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மேல்மாடி அறை இன்னும் அப்படியேதான் இருக்கிறது என்றார். நான் மூடியைத் திருகி இறுக்கினேன். அதை யாருக்காவது வாடகைக்குக் கொடுத்துவிடுங்கள் என்றேன். கணவர் முகமூடிக்குள்ளே சிரித்தார். பிறகு அண்ணாவும்.